பிரிக்காத பொட்டலம்

என் வேலை என்னவென்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்த அப்பா, கூட வேலை பார்ப்பவர்களிடம் மகள் அணுவை உடைக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, புதியம்புத்தூரில் நாலைந்து தையல் மிஷின் போட்டு ரெடிமேட் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டால் நான் கம்ப்யூட்டரில் எதையோ தேடுகிறேன் என்பாள். அம்மாதான் சுருக்கமாக முடிப்பாள்: "இன்னும் படிச்சு முடிக்கல." மூன்றில் அம்மா சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் எதையும் உடைக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய இயந்திரம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. மண்ணுக்கடியில் வளையமாகக் குழாய் போட்டு, அதற்குள் அணுவை விடச் சின்னத் துகள்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோதவைப்பார்கள். அந்த மோதலில் இதுவரை யாரும் பார்க்காத புதுத்துகள் ஒன்று பிறக்கிறதா என்று நூற்றுக்கணக்கானவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். எனக்குக் கிடைத்தது தேடுகிற வேலைகூட இல்லை. அந்தப் புதுத்துகள் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால் கருவியில் என்னவெல்லாம் பதிவாகும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை. எல்லோரும் கல்யாணப் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்க, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி என்று ஆரம்பத்தில் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது.

போகப் போக அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. புதுத்துகள் தன் முகத்தைக் காட்டாது, ஒரு தடயத்தைத்தான் விட்டுப் போகும். அதே மாதிரித் தடயத்தை, எல்லோருக்கும் தெரிந்த பழைய துகள்களும் எப்போதாவது விட்டுவிடும். அவை எத்தனை தடவை அப்படி வேஷம் போடும் என்று தெரியாமல், பார்த்ததையெல்லாம் புதுசு என்று சொல்லிவிட்டால் மானம் போய்விடும். அதனால் வேஷக்காரர்களை முதலில் கணக்கெடுக்க வேண்டும். பின்னணிக் கணக்கு என்று அதைச் சொல்வோம். அந்தக் கணக்கு முடிகிற வரை, புதுத்துகள் இருக்கலாம் என்று நினைக்கிற பகுதியை யாரும் பார்க்கக் கூடாது. பெட்டியைப் பூட்டி வைத்தது போல, கம்ப்யூட்டரே அதை மறைத்து வைத்திருக்கும். முதலிலேயே பார்த்துவிட்டால் மனசு கணக்கைத் தன் ஆசைக்கு இழுத்துவிடும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் இழுக்கும்.

தெரிந்த வேஷக்காரர்களைக் கணக்கெடுப்பது சுலபம். யாருமே நினைத்துப் பார்க்காத ஒருவன்தான் தலைவலி. ஒரு வருஷம் முழுக்க என் கணக்கு ஓர் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், கருவியில் இரண்டு பலகைகள் சேருகிற இடத்தில் ஓர் இடுக்கு. சில துகள்கள் அந்த இடுக்கு வழியாக நழுவிப் போய், நடக்காத ஒன்றை நடந்தது போலக் காட்டியிருந்தன. அன்றைக்கு நான் வீராப்பாக ஒரு முடிவெடுத்தேன். இனி எந்த இடுக்கையும் விடப்போவதில்லை என்று.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருஷங்கள் ஆகியிருக்கும். வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துகொண்டு கணக்கை ஏறக்குறைய முடித்திருந்தேன். அந்த வெளிநாட்டு இடத்துக்கே போய் ஒரு வருஷம் இருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கணக்கை ஒப்புக்கொள்ள வைத்து, பெட்டியைத் திறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. நான் போகவில்லையென்றால் வேறொருவர் கணக்கை எடுத்துக்கொள்வார். வருஷக்கணக்காகப் பட்ட பாடு அவர் பெயரில் போய்ச் சேரும். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கோவில்பட்டிக்கு வந்தேன்.

வந்த இடத்தில் எனக்காக ஒரு மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் பேங்க் வேலை. போட்டோவில் பார்க்க நல்ல மாதிரியாகத்தான் இருந்தார், அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் ஒரு வருஷம் காத்திருக்க முடியாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மாவோ, முதலில் கல்யாணம், அதற்குப் பிறகு அவர் சம்மதித்தால் எங்கே வேண்டுமானாலும் போ என்று நின்றாள். அவர் சம்மதித்து நான் போவதற்குள் அந்தப் பெட்டியைத் திறந்து, மூடி, தூக்கியே போட்டிருப்பார்கள்.

நானும் அம்மாவும் போட்ட சண்டையில் எதிர்வீட்டு நடையில் தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்காமார்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அப்பா, எதைக் கேட்டாலும் அம்மாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கென்று பேச இருந்தது அத்தை ஒருத்திதான். நான் பிறந்ததிலிருந்து என் சட்டை எல்லாம் அவள் தைத்தது. அவளுக்குப் பிள்ளை இல்லாததால் அவளுடைய கத்திரிக்கோலும் டேப்பும் எப்போதும் என் அளவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். "போயிட்டு வரட்டும் மைனி, எத்தனை பிள்ளையளுக்கு இது கிடைக்கும்" என்று அம்மாவிடம் எனக்காக வாதாடினாள். அதோடு விடாமல், அந்த ஊர்க் குளிருக்கு என்று உள்ளே பஞ்சு வைத்து ஒரு கோட்டும் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் அம்மா, சாமியிடம் கேட்டுவிடுவோம் என்றாள். எங்கள் குலதெய்வம் நாகலாபுரம் பக்கம் ஒரு காட்டுக்குள் இருக்கும் அம்மன். அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி வைத்துக் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

இதில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் மனசில் இருப்பது வருகிற வரை விடமாட்டாள். வீட்டு மனை வாங்கும்போது முதலில் சிவப்பு வந்தது. பூசாரி அவசரப்பட்டு எடுத்துவிட்டார் என்றாள். இரண்டாவதும் சிவப்பு வந்தபோது, சாமி யோசிக்கிறது என்றாள். மூன்றாவது வெள்ளை. அந்த மனையில்தான் இன்றைக்கும் வீடு நிற்கிறது. நான் மதுரைக்குப் படிக்கப் போனதும் இப்படி ஒரு மூன்றாவது பொட்டலத்தின் தயவில்தான். அப்போது அவள் மனசு என் பக்கம் இருந்தது. இந்தத் தடவை இல்லை.

அதனால் நான் நிபந்தனை போட்டேன். இந்த விஷயத்தில் என் தொழில் புத்தி எனக்குக் கைகொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவைதான் பார்க்க வேண்டும். அம்மாவும் நானும் பொட்டலத்தைக் கட்டக் கூடாது, கட்டுவதைப் பார்க்கவும் கூடாது. எடுக்கிறவர் பூசாரி. கட்டுகிற ஆள் இரண்டு பேருக்கும் பொதுவான ஆளாக இருக்க வேண்டும். அம்மா யோசித்துவிட்டு, அத்தை கட்டட்டும் என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அம்மாவும் பதிலுக்கு ஒன்று கேட்டாள். சிவப்பு வந்தால் நானும் மறுபேச்சுப் பேசக் கூடாது. இதில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் சரி என்றேன். அதுவரை நான் போவதற்கு வழியே இல்லாமல் இருந்தது. பாதிக்குப் பாதி என்பது அதைவிட எவ்வளவோ மேல்.

நாகலாபுரம் பஸ்ஸில் அத்தை முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நானும் அம்மாவும் பின் சீட்டில். தை பிறந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் கொத்தமல்லியும் பருத்தியும் நின்றன, அந்த வருஷம் மழை ஓரளவுக்குப் பரவாயில்லை. சண்டை போட்டு அலுத்துப்போன இரண்டு பேருக்கு நடுவில் வருகிற ஒரு சமாதானம் எங்களுக்குள் வந்திருந்தது. நான் அந்த ஊரில் போய் என்னதான் செய்வேன் என்று அம்மா முதல்முறையாகக் கேட்டாள்.

மடியில் பூ இருந்ததால் பூவை வைத்தே சொன்னேன். ஒருத்தி கோயிலுக்குப் போய் தனக்கு வெள்ளைப் பூ வந்தது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்கிறாள். நல்லது. ஆனால் அதை நம்புவதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். சாமி ஒன்றுமே சொல்லாமல் சும்மா இருந்திருந்தாலும் அந்தப் பூ எத்தனை தடவை வந்திருக்கும்? அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், அதற்கு மேல் வருவது மட்டும்தான் சாமி சொன்னது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சும்மா வருவது. நான் அந்தச் சும்மா வருவதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சாமி இல்லைன்னா என்ன வரும்னு கணக்குப் போடுததா உன் வேலை?"

"துகள் இல்லைன்னா என்ன வரும்னு போடுதேன்" என்றேன். "ஆனா கிட்டத்தட்ட அதுதான்."

குலதெய்வத்தைப் பார்க்கப் போகிற வழியில் இப்படியொரு பேச்சா என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழித்து, சிவப்பு சும்மாவே எத்தனை தடவை வரும் என்று கேட்டாள். பாதி என்றேன். வெள்ளை? அதுவும் பாதி. அப்படியானால் எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோம் என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்து கோயிலுக்குப் போனோம். கூரை இல்லாத கோயில். அம்மனும், ஒரு வேப்பமரமும், பொங்கல் வைக்க மூன்று கல்லும்தான். பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அம்மா சாமிக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னாள். வெள்ளை வந்தால் பிள்ளை போகட்டும், சிவப்பு வந்தால் முதலில் கல்யாணம். அத்தை பூவையும் பூவரச இலையையும் வாழைநாரையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனாள். நானும் அம்மாவும் நல்ல பிள்ளைகள் மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றோம்.

இரண்டு பொட்டலமும் ஒரே அளவில், ஒரே முடிச்சில் வந்தன. தையல்காரி கட்டு என்றால் சும்மாவா என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பூசாரி சூடம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

செவ்வரளி.

அது வெறும் பூ, பாதிக்குப் பாதி, ஒரு அர்த்தமும் கிடையாது என்று பஸ்ஸில் அவ்வளவு நேரம் பேசிய நான்தான், அடுத்த நிமிஷமே வாயைத் திறந்து, இன்னொரு தடவை பார்க்கலாமே என்றேன். பூசாரி அவசரப்பட்டுவிட்டார் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கேலியும் இருந்தது, இரக்கமும் இருந்தது. என் நிபந்தனையை அவள் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை அவசரமாக மிச்சப் பொட்டலத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் காட்டுப் பக்கம் வீசப் போனாள். சாமி பூவைத் தூர எறியக் கூடாது என்று அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு தனியாக அம்மனைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, என் கணக்கை எடுத்துக்கொள்ளப் போகிற அந்த ஆளுக்கு இடுக்கைப் பற்றி எப்படி எழுதி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலை இறக்கி இலையில் வைத்துச் சாப்பிடும்போதுதான் அம்மா பேசினாள்.

"சிவப்பு சும்மாவே பாதி தடவை வரும்னு சொன்னேல்லா?"

"ஆமா."

"அப்ப இது சாமி சொன்னதா, சும்மா வந்ததா?"

"தெரியாது" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

"தெரியாத ஒண்ணை வெச்சு உன்னை எப்படிப் பிடிச்சு வைக்க? போயிட்டு வா. நீ நல்லபடியா வரணும்னு மட்டும் இப்ப அம்மன்கிட்ட சொல்லிட்டேன். அதுக்குப் பூக்கட்டிப் பார்க்க வேண்டியதில்ல."

நான் இலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு நாளும் என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடியவில்லையே என்று ஒரு குறை எனக்கு இருந்தது. பெரிய பெரிய கூட்டங்களில் பேசியபோது தலையாட்டியவர்கள்கூட அதை இப்படித் தங்கள் விஷயத்தில் போட்டுப் பார்த்ததில்லை. அதுவும் தனக்குச் சாதகமாக வந்ததை எதிர்த்துப் போட்டுப் பார்க்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் பொங்கல் ஒட்டியிருந்தது. அத்தை எழுந்து பானையைக் கழுவப் போய்விட்டாள். போகிற வழியில் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் போவதில் அவளுக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த பேங்க் மாப்பிள்ளைக்கு வைகாசியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது, நல்லா இருக்கட்டும். நான் அத்தையின் பஞ்சுக் கோட்டோடு விமானம் ஏறினேன். அந்த ஊர்க்காரர்கள் போடுகிற கோட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முழங்கால் வரை தொங்கும், எங்கே பார்த்தாலும் பை, காலர் மட்டும் அசல் ரெடிமேட் சட்டைக் காலர். ஆனால் குளிர் உள்ளே வராது. எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் புதியம்புத்தூர் என்று சொன்னேன். அவர்கள் ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். இது வேஷம் போடுமே, சேர்த்தாயா? அது நழுவிப் போகுமே, பார்த்தாயா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கணக்கை ஒப்புக்கொண்டு, இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்த பிறகு ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தார்கள். திரையில் நான் சொன்ன எண்ணும், உள்ளே இருந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. புதுத்துகள் இல்லை. சும்மா வருவது மட்டும், நான் சொன்ன அளவுக்கு வந்திருந்தது. அறையில் பல பேருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு விழவில்லை. யாரும் பார்க்காத ஒரு பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று வெளியிலிருந்தே சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் போதுமானதாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை போன் கூண்டுக்குப் போய் வீட்டுக்குப் பேசினேன். அப்பா டியூட்டியில் இருந்தார். அம்மாதான் எடுத்தாள். பெட்டியைத் திறந்தாகிவிட்டதா, என்ன இருந்தது என்று கேட்டாள். புதுசாக ஒன்றும் இல்லை, நான் சொன்ன அளவுக்குத்தான் இருந்தது என்றேன். அப்படியானால் நல்லதுதானே, சரியாகத்தானே சொல்லியிருக்கிறாய் என்றாள். அந்த ஊரில் அதுவரை ஒருத்தரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. எந்த இடுக்கையும் விடவில்லை, ஒரு வேஷக்காரனும் தப்பவில்லை என்று நான் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

அம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து, சேலை மாற்றும்போது முந்தானையில் முடிந்திருந்த பொட்டலம் கையில் பட்டதாம். குத்துவிளக்குக்கு வைக்கலாமே என்று பிரித்தாளாம்.

"அதுலயும் செவ்வரளிதான் இருந்துச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கூண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அத்தையா? போகட்டும் மைனி, போகட்டும் மைனி என்று எனக்காகத் தொண்டை வற்றப் பேசிய அத்தையா?

"அவளுக்கு உன்னை விட்டுட்டு இருக்க மனசில்ல. ஏரோப்ளேன் விழுந்துரும்னு வேற பயம். வாயால வேண்டாம்னு சொன்னா நீ கோவிச்சுக்கிடுவே. அதான் பூவை விட்டுச் சொல்லிருக்கா" என்றாள் அம்மா. "நான் அவகிட்ட இதுவரை கேட்கல. நீயும் கேட்டுராத."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெளியே காத்திருந்த ஓர் ஆள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அம்மாவும் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி பாதின்னு பெருசாச் சொன்னியேட்டி. உன் கணக்குல அத்தையைச் சேர்க்கலையே."

அதற்குள் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "இந்தா, உங்க அத்தை வந்துட்டா. பேசு."

அத்தை போனை வாங்கினாள். எப்போதும் போல மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "ஏட்டி, அங்கன குளிருதா? கோட்டு பத்துதா?"

"பத்துது அத்தை" என்றேன்.